சத்தம் குறைத்துப் பார்த்த படம்

கில்லியின் மறுவெளியீடு முப்பது கோடி இந்திய ரூபாயைத் தாண்டியதாகப் பத்திரிகைகள் எழுதின. 2004 ஏப்ரல் 17ஆம் திகதி முதலில் வந்த படம், 4கே தரத்தில் துலக்கப்பட்டு 2024 ஏப்ரல் 20ஆம் திகதி திரும்பவும் தியேட்டர்களுக்கு வந்தது. தொகை சரியா பிழையா என்பது எனக்குப் பெரிதல்ல. சினிமா வியாபாரத்தில் சொல்லப்படும் தொகைகளைக் கொஞ்சம் கழித்துத்தான் காதில் வாங்க வேண்டும். என்னை உறுத்துவது வேறு. அந்த முப்பது கோடிக்குள் இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கிற கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் நிந்தவூரும் எங்கே இருக்கின்றன என்று தேடினால் எங்குமே இல்லை. இல்லாததில் வியப்பு ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் கடற்கரை அளவுக்கு இந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்த ஊர், கதை நடக்கிற மதுரையில்கூட இருக்குமா என்பது என் சந்தேகம். பிரகாஷ்ராஜ் வாயைத் திறக்கும் முன்பே முத்துப்பாண்டியின் அடுத்த வசனத்தைச் சொல்லிவிடுகிற ஆட்கள் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் இருந்தார்கள். பார்த்தவர்கள் இவ்வளவு பேர், படம் எடுத்தவருக்குப் போய்ச் சேர்ந்த காசு பூச்சியம். இதைத் திருட்டு என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். முடித்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியவில்லை என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அந்த 2004 ஏப்ரல் எப்படிப்பட்ட மாதம் என்பதைச் சென்னைக்காரர்கள் அறிய மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் மறந்தவர்களும் குறைவு. மாதத்தின் இரண்டாம் நாள் பாராளுமன்றத் தேர்தல். அதற்கு முந்திய மாதம்தான் புலிகள் இயக்கத்தின் கிழக்குத் தளபதி கருணா அதிலிருந்து பிரிந்திருந்தார். பெரிய வெள்ளியை ஒட்டி வெருகலாற்றங்கரையில் இயக்கத்துக்குள்ளேயே சண்டை நடந்தது. யுத்தநிறுத்த ஒப்பந்தம் கடதாசியில் இருந்தது, தெருவில் பின்னேரமானால் கதவுகள் சாத்தப்பட்டன. சண்டை நடந்து ஒரு கிழமையில் சென்னையில் கில்லி வெளியாகிறது. இன்னும் சில நாட்கள் கழித்து அது கல்முனைச் சந்தைப் பக்கத்துச் சீடிக் கடைகளில், நிறம் மங்கிய அட்டைப் படத்தோடு, இரண்டு வட்டுகளாகத் தொங்குகிறது. வந்தது தியேட்டர் பிரிண்ட். யாரோ ஒருவர் ஏதோ ஒரு தியேட்டரின் நடு வரிசையில் கமெராவை மடியில் ஒளித்து வைத்து எடுத்தது. படம் ஒரு பக்கம் சரிந்திருக்கும். முன்வரிசைக்காரர் எழும்பி வெளியே போனால் அவருடைய கறுத்த தலை திரிஷாவின் முகத்தைக் கடந்து போகும். இருமல் கேட்கும். எல்லாவற்றையும்விட, விசில் கேட்கும். விஜய் கபடி மைதானத்துக்குள் இறங்கும்போது எழுகிற அந்தக் கூச்சல், பாட்டுத் தொடங்கும்போது கதிரைகள் அதிர்கிற சத்தம், யாரோ ஒருவன் அடக்க முடியாமல் போடுகிற ஊளை, எல்லாம் வட்டுக்குள் பதிவாகி எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்தன. பிற்பாடு நல்ல பிரிண்ட் வந்தது. நிறம் சரியாக இருந்தது, வசனம் தெளிவாகக் கேட்டது, தலைகள் குறுக்கே போகவில்லை. ஆனால் நல்ல பிரிண்டைப் பார்த்தபோது எங்களுக்கு ஏதோ பிடிபடாத வெறுமை. மைதானத்துக்குள் விஜய் இறங்குகிறார், ஒருவரும் கத்தவில்லை. கத்த வேண்டிய இடம் எங்களுக்குத் தெரியும், கத்துவதற்கு ஆள் இல்லை.

அந்த விசிலைத்தான் இருபது வருடம் கழித்துச் சென்னையில் காசுக்கு விற்றார்கள் என்று நினைக்கிறேன். படத்தை விற்றிருக்க முடியாது. சன் டீவியில் அது எத்தனை முறை ஓடியிருக்கும் என்று எவரும் எண்ணி வைத்திருக்க மாட்டார்கள். வீட்டில் சும்மா கிடைக்கிற ஒன்றை வெளியில் போய் டிக்கட் எடுத்துப் பார்க்கிறவர், வீட்டில் கிடைக்காத வேறு எதையோ வாங்கத்தான் போகிறார். கோயம்பேடு ரோகிணி தியேட்டரில் திரைக்கு முன்னால் ஏறி நின்று ஆடிய பையன்களின் காணொளிகள் அந்த ஏப்ரலில் எல்லாத் தொலைபேசிகளிலும் சுற்றின. எங்கள் மாமி ஒருவருக்கும் காட்டினேன். கில்லியை வரிக்கு வரி அறிந்தவர். மூக்குக் கண்ணாடியை இறக்கி விட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "படம் பாக்க வந்தவனெல்லாம் எழும்பி ஆடினா பின்னுக்கு இருக்கிறவன் எப்பிடி மனே பாக்கிற?" என்றார். அது ஞாயமான கேள்விதான். ஆடியவர்கள் யாரும் படம் பார்க்க வந்தவர்கள் அல்ல என்று சொன்னேன். "அப்ப என்னத்துக்குக் காசு?" அதற்கு என்னிடம் சுருக்கமான பதில் இருக்கவில்லை.

வியாபாரிகளிடம் பதில் இருக்கிறது, அது அவர்களுடைய அளவில் சரியும்கூட. 2024இன் முதல் மாதங்களில் தமிழ்ப் படங்கள் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. தமிழ்நாட்டுத் தியேட்டர்களை அந்தக் காலத்தில் தாங்கிப் பிடித்ததில் மஞ்ஞும்மல் போய்ஸ் என்ற மலையாளப் படத்துக்குப் பெரிய பங்கு; அதற்குள்ளும் உயிராக இருந்தது 1991இல் வந்த குணாவின் பாட்டு என்பதை மறக்கக் கூடாது. ஏப்ரல் 19 அங்கே பாராளுமன்றத் தேர்தல் வாக்களிப்பு. கிரிக்கெட் பருவம் வேறு. புதிய படம் எதுவும் தலை நீட்டத் தயங்கிய நேரம். வாக்களிப்பு முடிந்த மறுநாள் கில்லி இறங்கியது. அதற்கு இரண்டரை மாதம் முந்தித்தான், பெப்ரவரி 2இல், விஜய் கட்சி தொடங்கி, ஒப்புக்கொண்ட படங்களோடு நடிப்பை விடப் போவதாக அறிவித்திருந்தார். இனி வரப் போவதில்லை என்று தெரிந்த நடிகரின் பழைய படத்துக்குக் கிடைக்கும் கூட்டம் வேறு வகையானது. செலவும் குறைவு. நடிகருக்குச் சம்பளம் இல்லை, விளம்பரத்துக்குப் பெரிதாகக் கொட்டத் தேவையில்லை, நெகற்றிவைத் துலக்குகிற செலவு மட்டும். 2012 மார்ச்சில் கர்ணனை இப்படித் துலக்கி விட்டபோது அது நூறு நாளைத் தாண்டியது. 2014 மார்ச்சில் திரும்ப வந்த ஆயிரத்தில் ஒருவன் சென்னையில் வெள்ளி விழாவே கண்டது. இரண்டும் பி. ஆர். பந்துலுவின் படங்கள், ஒன்று 1964, மற்றது 1965. பந்துலு உயிரோடு இருந்தபோது இதை யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். அந்த இரண்டையும் பார்த்து வாயூறிய பலர் தங்கள் பெட்டிகளைத் திறந்தார்கள், வந்ததெல்லாம் ஓடவில்லை. பழையது என்பதற்காக ஒன்றும் ஓடுவதில்லை. அதைக் கூட்டமாக இருந்து பார்த்த ஞாபகம் போதுமான பேருக்கு இருக்க வேண்டும், அவர்கள் இப்போது டிக்கட் வாங்கும் வயதிலும் வசதியிலும் இருக்க வேண்டும், அவர்களோடு சேர்ந்து கத்த அன்று பிறந்திராத பையன்களும் வர வேண்டும். கில்லிக்கு மூன்றும் அமைந்தன.

எங்களுக்கு முதலாவதே இல்லை. நாங்கள் இதைக் கூட்டமாக இருந்து பார்க்கவில்லை, ஒளிந்திருந்து பார்த்தோம். கல்முனையில் படமாளிகை நடந்த காலத்தைப் பற்றி மூத்தவர்கள் பேசுவார்கள். எம்ஜிஆர் படத்துக்கு மாட்டு வண்டிலில் வந்த கதை, தேய்ந்த ரீல் நடுவில் அறுந்து விளக்கைப் போட்ட கதை. என் தலைமுறைக்கு அது கதைதான். எங்களுக்குச் சினிமா வந்த வழி சவூதி. எண்பதுகளில் ஜித்தாவுக்கும் ரியாதுக்கும் தம்மாமுக்கும் போனவர்கள் திரும்பும்போது கொண்டுவந்த பெட்டிகளில் வீடியோ டெக் இருந்தது. டெக் இருந்த வீடு தெருவின் தியேட்டரானது, ஆனால் கதவு சாத்திய தியேட்டர். யன்னல் சீலை இழுத்து விடப்பட்டிருக்கும். வாப்பாமார் இஷாவுக்குப் பள்ளிக்குப் போகும்வரை பொறுத்திருந்து போட வேண்டும். பாங்கு சொல்லும்போது சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட வேண்டும். சண்டைக் காட்சியில் விஜய் வாய் அசைய, கை அசைய, முஅத்தினின் குரல் கேட்டுக்கொண்டிருக்கும். பக்கத்து வளவில் மையித்து வீடு என்றால் மூன்று நாளைக்கு டீவியே இல்லை. நோன்பு மாதத்தில் பெட்டிக்கு மேல் துணி விழுந்துவிடும். இவை எதுவும் சட்டமல்ல, யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் ஒரு முழு ஊரும் தமிழ்ச் சினிமாவை ஒலி குறைத்துப் பார்க்கப் பழகியிருந்தது. இதில் கில்லியின் கதை எங்களுக்கு வேறு மாதிரிப் பொருந்தியது என்பதை இப்போதுதான் யோசிக்கிறேன். பொலிஸ்கார வாப்பாவின் வீட்டுக்குள், அவருக்கே தெரியாமல், மேலறையில் தனலட்சுமி என்ற பெண்ணை மறைத்து வைத்திருக்கிறான் மகன். தங்கைக்கு மட்டும் தெரியும். அந்தக் காட்சிகளில் நாங்கள் பட்ட பதற்றம் ரோகிணியில் இருந்து பார்த்தவனுக்கு இருந்திருக்க முடியாது. தனலட்சுமி இருந்த நிலையில்தான் அவளுடைய வட்டும் எங்கள் வீடுகளில் இருந்தது, அலுமாரியில் மடித்த சாரங்களுக்கு அடியில்.

அந்த அறையில் யார் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கணக்கு அங்கேதான் பிழைக்கிறது. பையன்கள் வருவோம், போவோம். ஒரு காட்சியைப் பார்த்துவிட்டு ஒலுவில் வெளிச்சவீட்டுக்குச் சைக்கிளை மிதிப்போம், படத்திலும் ஒரு வெளிச்சவீடு வருகிறதே என்பதற்காக. ஆதியோடந்தமாக இருந்து பார்த்தவர்கள் உம்மாமார், மாமிமார், ராத்தாமார், கலியாணம் முடிக்காத பிள்ளைகள். சமையலுக்கு நடுவில், இடியப்பத்துக்கு மா குழைக்கும் கையோடு, பாதியில் எழும்பிப் போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்து, விட்ட இடத்தைக் கேட்டு நிரப்பிக்கொண்டு பார்த்தார்கள். பத்துத் தரம் பார்த்தவர்களும் அவர்கள்தான். பதினோராம் தரம் பார்க்கும்போது முத்துப்பாண்டிக்காகப் பரிதாபப்படவும் தொடங்கியிருந்தார்கள். "பாவம், அவனுக்கும் ஒரு உம்மா இருக்கா தானே" என்று மாமி சொன்னதை நான் எந்த விமர்சனத்திலும் வாசித்ததில்லை. சினிமா வியாபாரத்தில் திரும்பத் திரும்ப வரும் ரசிகர் என்று ஒரு கணக்கு உண்டு. மறுவெளியீடு முழுக்க அவர்களை நம்பித்தான். எங்கள் ஊரில் அந்த ரசிகர் பெண். அவர் தன் வாழ்நாளில் ஒரு தியேட்டரின் வாசற்படியை மிதித்ததில்லை.

இப்போது புதுப் படம் தியேட்டரில் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் பையன்கள் மோட்டார் சைக்கிளில் மட்டக்களப்புக்குப் போகிறார்கள். மருதமுனை, பெரியநீலாவணை, கல்லாறு, களுவாஞ்சிக்குடி, ஆரையம்பதி, காத்தான்குடி, கல்லடி என்று ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் வாவியுமாக நாற்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைந்த ஓட்டம். முஸ்லிம் ஊர், தமிழ் ஊர், முஸ்லிம் ஊர் என்று மாறி மாறி வருகிற அதே பாதை. ஒரு காலத்தில் எந்தச் சந்தியில் எவன் நிற்பான் என்று கணித்துக்கொண்டு போன பாதையில், இரவுக் காட்சி முடிந்து பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். இது சின்ன விசயமல்ல. அவர்களில் ஒருவனிடம் கில்லியைத் தியேட்டரில் பார்க்க அவ்வளவு தூரம் போவாயா என்று கேட்டேன். "போவன் காக்கா, ஆனா உம்மாவக் கூட்டிட்டுப் போக ஏலாதே" என்றான். அவனுக்கு அந்தப் படம் உம்மாவின் படம். 2004இல் அவன் பிறந்திருக்கவே இல்லை.

மார்க்கம் தடுக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அவ்வளவு நேரானதல்ல இது. மிம்பரில் இருந்து சினிமாவைக் கண்டித்த ஜும்ஆப் பிரசங்கங்களை நானும் கேட்டு வளர்ந்தவன், கண்டித்தவர்களில் எனக்கு மதிப்புக்குரியவர்களும் உண்டு. ஆனால் அந்த வாதத்தின் முதுகெலும்பாக ஒரு வசனம் இருந்தது: ஹறமைன் உள்ள நாட்டில் தியேட்டர் உண்டா? முப்பத்தைந்து வருடமளவு அதற்குப் பதில் இல்லை. 2018 ஏப்ரல் 18ஆம் திகதி ரியாதில் தியேட்டர் திறந்தார்கள், முதல் படம் பிளாக் பாந்தர். இப்போது தமிழ்ப் படங்களும் அங்கே திரையிடப்படுகின்றன. நிந்தவூரில் இருந்து போய் ரியாதில் சாரதி வேலை செய்கிற ஒருவர் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு, பின்னேரம் டிக்கட் எடுத்து விஜய் படம் பார்க்கிறார். அந்தக் காசு "வளைகுடா வசூல்" என்ற நிரலில் ஏறுகிறது. அவருடைய உம்மா நிந்தவூரில் அதே படத்தைத் தொலைபேசியில், ஒலி குறைத்து, இலவசமாகப் பார்க்கிறார். வாதத்தின் முதுகெலும்பு முறிந்து வருடங்களாகியும் இங்கே ஒன்றும் மாறவில்லை என்றால், அதைத் தாங்கி நின்றது மார்க்கம் மட்டுமல்ல என்றுதான் கொள்ள வேண்டும். தெருவின் கண் ஒன்று இருக்கிறது. யார் வீட்டுப் பிள்ளை எங்கே போனது என்று கணக்கெடுக்கிற கண். ஃபத்வா மாறலாம், அந்தக் கண் இலேசில் மூடாது. 2019 ஏப்ரலில் நடந்த உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு வெளியிலிருந்தும் ஒரு கண் எங்கள் மீது விழுந்தது. குண்டு வெடித்தது சாய்ந்தமருதில் ஒரு வீட்டுக்குள். சந்தேகம் விழுந்தது எல்லா வீடுகள் மீதும். சாத்திய கதவுக்குப் பின்னால் சும்மா படம் பார்த்துக்கொண்டிருந்த வீடுகளும் அதில் அடக்கம்.

இன்னொரு தயக்கத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மறுவெளியீடு என்பது படத்தோடு சேர்த்து ஒரு வருடத்தையும் விற்கிற வியாபாரம். சென்னையில் நாற்பது வயதுக்காரர் ஒருவர் டிக்கட் வாங்கும்போது தன் 2004ஐத் திரும்ப வாங்குகிறார்: கல்லூரி, சைக்கிள் ஸ்டாண்ட், முதல் காதல், எதுவோ ஒன்று. எங்கள் 2004ஐ யார் திரும்ப வாங்குவார்? ஏப்ரலில் வெருகல். டிசம்பர் 26இல் கடல். இலங்கையில் எந்த மாவட்டத்தையும்விட அம்பாறையில்தான் அதிகம் பேர் மௌத்தானார்கள், பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று கரையோர வளவுகள் வரிசையாகப் போயின. அந்த வளவுகளில்தான் நான் சொன்ன முன்னறைகள் இருந்தன. டீவிகளும் டெக்குகளும் சேற்றுக்குள் வாய் பிளந்து கிடந்தன. வெள்ளிப் பக்கம் மேலே தெரிய வட்டுகள் சிதறிக் கிடந்தன, பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கில்லியை எங்களோடு பார்த்த சிலர் அந்த வருடத்துக்கு வெளியே வரவில்லை. அந்தப் படத்தைப் பெரிய திரையில், பெரிய சத்தத்தில், பக்கத்தில் முன்பின் தெரியாத இருநூறு பேரோடு பார்க்க எனக்கு மனம் வருமா என்று கேட்டுப் பார்த்தேன். வரும் என்றும் தோன்றுகிறது, வராது என்றும் தோன்றுகிறது. மாமியிடம் கேட்டேன். அவருக்கு என் போல் இரண்டு மனம் இல்லை. "நல்ல படம் தானே, என்னத்துக்குப் பாக்காம?" என்றார். துயரத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவர்களைவிடத் துயரப்பட்டவர்கள் தெளிவாக இருக்கிறார்கள் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

ஆகவே யாராவது எங்கள் கரையில் தியேட்டர் ஒன்று கட்டிப் பழைய படம் ஓட்ட யோசிப்பதாக இருந்தால், எனக்குத் தெரிந்த கணக்கைச் சொல்கிறேன். காலைக் காட்சி தேறாது. வெள்ளிக்கிழமை லுஹரை விட்டு வைக்க வேண்டும். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் ஒரு படம் அடங்காது. நோன்பு மாதம் முழுக்க மின்சாரக் கட்டணம் மட்டும்தான் மிஞ்சும். கில்லியே 2024இல் வந்தது பெருநாள் முடிந்து, ஆறு நோன்பு பிடிக்கிற நாட்களில். டிஜிட்டல் படத்தோடு ஒரு திறவுகோல் தருவார்கள், குறித்த திரையில் குறித்த நாட்களுக்கு மட்டும் திறக்கும். எங்கள் ஊர் நேரத்துக்கு அந்த நாட்களைப் பொருத்துவதே ஒரு வேலை. இவ்வளவையும் சமாளித்தாலும், பையன்களை மட்டும் நம்பினால் கில்லி இங்கே மூன்று நாள் ஓடும். முதல் நாள் ஆடுவார்கள், இரண்டாம் நாள் ஆடியதைப் படம் பிடிப்பார்கள், மூன்றாம் நாள் கதிரை காலியாகும். பழைய தியேட்டர்களில் பெண்களுக்குத் தனிப் பகுதி வைத்தது போல, அஸருக்கு முந்திய ஒரு காட்சியைப் பெண்களுக்கு மட்டும் ஒதுக்கி, டிக்கட் கொடுக்கவும் வாசலில் நிற்கவும் பெண்களையே வைத்து, குழந்தை அழுதால் யாரும் முகம் சுளிக்காத இடமாக நடத்துங்கள். முதல் நாள் ஐந்தாறு பேர்தான் வருவார்கள், தெருவின் கண்ணுக்குப் பயந்து. அதைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தாதீர்கள். அந்தக் காட்சி மூன்று மாதம் ஓடும்.